பல ரகப் புத்தகங்கள்: ஒரு வாசகனின் சொந்த அபிப்பிராயங்கள்



இன்று ஒரு தனி எழுத்தாளரைப் பற்றியோ, ஒரு தனி நூலைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. வெவ்வேறு காலங்களில் நான் படித்த, வெவ்வேறு ரகத்தைச் சேர்ந்த சில புத்தகங்கள் பற்றிய எனது தனிப்பட்ட அபிப்பிராயங்களைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். நாவல், சிறுகதை, கவிதை, அனுபவ வரலாறு, ஆய்வு நூல், பாடநூல் என்று இவை பலதிறப்பட்டவை. எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது சரியல்ல என்பதை உதாரணங்களுடன் விளக்குவதே எனது நோக்கம்.

"தனிப்பட்ட அபிப்பிராயம்" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நமது சூழலில் ஒரு நூல் அச்சாகி வந்ததும் நடப்பது வெளியீட்டு விழா. மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, முதற்பிரதி வழங்கல், நயவுரை, ஏற்புரை என்று நிகழ்ச்சி நிரல் நீளும். அங்கே பேசப்படுவதெல்லாம் பாராட்டு. குறை கூறுவதற்கு அது இடமுமல்ல. ஆனால், விழா முடிந்த பின்னரும் அதே பாராட்டுரைதான் மதிப்புரையாகப் பத்திரிகைகளில் வருகிறது. அல்லது ஒன்றுமே வருவதில்லை. நூலை முதலிலிருந்து கடைசி வரை படித்த ஒருவர் உண்மையில் என்ன நினைத்தார் என்பது எழுதியவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. பல வருடங்களுக்கு முன்னர் ஓர் இளைஞர் தமது கவிதைகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு என்னிடம் வந்தார். நாற்பது கவிதைகள் வரை இருந்தன. அவற்றுள் ஏழெட்டு மிக நன்றாக இருந்தன. மற்றவை அந்நாளில் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தவற்றின் எதிரொலிகள். அவருடைய மனம் நோகக்கூடாது என்று எண்ணி, "நன்றாக இருக்கின்றன, வெளியிடுங்கள்" என்று மாத்திரம் சொன்னேன். அவர் தமது தாயாரின் சங்கிலியை அடைவு வைத்து நூலை அச்சிட்டார். விழாவிலும் நான் பேசினேன். அதன் பிறகு அந்த நூலைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

நீண்ட காலத்தின் பின் அவரை ஒரு பஸ் தரிப்பில் சந்தித்தேன். "இப்பொழுது எழுதுவதில்லையா?" என்று கேட்டேன். "விட்டிட்டன் சேர். கட்டுக்கட்டாப் புத்தகம் வீட்டில கிடக்குது. அந்த முப்பதையும் எடுத்தெறி எண்டு நீங்கள் அண்டைக்கே சொல்லியிருக்கலாம்தானே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எந்த முப்பது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. சொல்ல வேண்டிய நான்தான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். எந்த நூலைப் படித்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டு, விடையை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைப்பேன். இந்த நூல் எதைத் தருவதாகச் சொல்கிறது? சொன்னதைத் தந்ததா? இந்த இரண்டு கேள்விகளும் எல்லா நூல்களுக்கும் பொது. ஆனால் விடைகள் ரகத்துக்கு ரகம் வேறுபடும். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் இன்று சிலவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

கைதியின் நூல்

முதலில் ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் இலங்கையைப் பற்றி எழுதி, 1681 இல் லண்டனில் வெளியான நூலை எடுத்துக்கொள்கிறேன். பத்தொன்பது வயது வாலிபனாகத் தமது தந்தையாரின் கப்பலில் கொட்டியாரக் குடாவுக்கு வந்தவர் நொக்ஸ். 1660 இல் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது வருடங்கள் கண்டி இராச்சியத்தில் தடுத்துவைக்கப்பட்டிருந்தார். 1679 இல் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

இந்நூலைச் சரித்திரம் என்று எண்ணிப் படித்தால் பல இடங்களில் ஏமாற்றம் அடைவோம். அரசனைப் பற்றி அவர் சொல்பவை ஒரு கைதியின் கோபத்துடன் சொல்லப்பட்டவை. ஆனால், "நான் கண்டதைச் சொல்கிறேன்" என்ற வாக்குறுதியை அவர் பெரும்பாலும் காப்பாற்றுகிறார். தொப்பி பின்னி விற்றும், நெல்லை வட்டிக்குக் கடன் கொடுத்தும் பிழைத்தவர் அவர். ஆகவே அவருடைய கண்கள் அரண்மனையைவிட வயலையே நன்றாகப் பார்த்தன. ஏர், வரம்பு, சூடுமிதிப்பு, நெல்லினங்கள் பற்றி அவர் எழுதிய பக்கங்கள் ஒரு கமக்காரன் எழுதியவை போலிருக்கின்றன. தப்பிச் செல்லும் வழியில் அநுராதபுரப் பகுதியில் தாம் சந்தித்த மக்களுக்குத் தாம் பேசிய சிங்களம் விளங்கவில்லை என்றும், அவர்கள் மலபார்கள், அதாவது தமிழர்கள், என்றும் அவர் குறிப்பிடுகிறார். எந்த வாதத்தையும் நிறுவுவதற்காக அவர் அதை எழுதவில்லை. அதனாலேயே அந்தக் குறிப்புக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

என் மனதில் பதிந்த இடம் வேறொன்று. நொக்ஸிடம் இருந்தவை இரண்டே இரண்டு சமய நூல்கள். அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்து மனப்பாடமாகிவிட்டிருந்தது. ஒரு நாள் ஒரு முதியவர் தம்மிடம் ஓர் ஆங்கிலப் புத்தகம் இருப்பதாகச் சொல்லி அதைக் கொண்டுவந்தார். பார்த்தால் விவிலியம்! கையில் இருந்த பொன்னையே கொடுக்கத் தயாராயிருந்த நொக்ஸுக்கு இறுதியில் ஒரு பின்னல் தொப்பிக்கு அது கிடைத்தது. அலுமாரி நிறையப் புத்தகம் வைத்துக்கொண்டு, "படிக்க ஒன்றுமில்லை" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொப்பி ஞாபகம் வருகிறது.

இரண்டு கிராமங்கள்

இனி நாவலுக்கு வருவோம். லெனார்ட் வூல்ஃப் 1904 முதல் 1911 வரை இலங்கையில் சிவில் சேவை அதிகாரியாக இருந்தவர். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் பணியாற்றிய பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். நாடு திரும்பிய பின் 1913 இல் அவர் வெளியிட்ட நாவல் 'காட்டிலுள்ள கிராமம்' என்று நாம் தமிழில் சொல்லக்கூடியது. சிங்களத்தில் 'பெத்தேகம' என்ற பெயரில் அது நன்கு அறியப்பட்டது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980 இல் அதைத் திரைப்படமாக்கியபொழுது, வூல்ஃப் பாத்திரத்தில் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆதர் சீ. கிளார்க் நடித்தார் என்பது ஒரு சுவையான செய்தி.

அதிகாரியாக இருந்தவர் எழுதிய நாவல் என்றதும் நான் சந்தேகத்துடன்தான் புத்தகத்தை விரித்தேன். ஆளும் இனத்தவர் நமது ஏழைகளைப் பற்றி எழுதினால் ஒன்றில் இரக்கம் காட்டுவார்கள், அல்லது வேடிக்கை பார்ப்பார்கள் என்பது எனது எண்ணம். வூல்ஃப் இரண்டையும் செய்யவில்லை. சிலிந்து என்ற வேட்டைக்காரனும் அவனுடைய இரு பெண்களும் ஊர்த் தலைவனிடமும் கடன் கொடுப்பவனிடமும் படும் பாடுதான் கதை. அதில் ஒரு நீதிமன்றக் காட்சி வருகிறது. பொய் வழக்கு. நீதவான் ஒரு வெள்ளைக்காரர். ஏதோ பிழை இருக்கிறது என்று அவருக்குப் படுகிறது. ஆனால் சாட்சியத்தின்படி தண்டிக்கத்தான் வேண்டியிருக்கிறது. அந்த நாற்காலியில் தாமே அமர்ந்திருந்த ஒருவர், அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் உண்மை தெரியாது என்று எழுதியிருக்கிறார். இதை நான் இந்நாவலின் மிகப் பெரிய நேர்மை என்பேன். குறை ஒன்றும் சொல்ல வேண்டும். காடு எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்ற முடிவை ஆசிரியர் முதலிலேயே தீர்மானித்துவிட்டார். ஆதலால் மாந்தருக்குத் தப்புவதற்கு வழியே வைக்கப்படவில்லை.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியது மாட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய'. 1944 இல் வெளியான இச்சிங்கள நாவலை எம்.எம். உவைஸ் 'கிராமப் பிறழ்வு' என்ற பெயரில் தமிழில் தந்தார். கொக்கலையில் பிறந்தவரே தமது தென்னிலங்கைக் கிராமத்தை உள்ளிருந்து எழுதினார். இங்கே காடு எவரையும் விழுங்கவில்லை. ஒரு பழைய பெரிய வீடு மெல்ல மெல்லத் தேய்கிறது. வியாபாரம் செய்தவன் மேலே வருகிறான். நந்தாவும் பியலும் சிங்களப் பெயர்கள்தான். ஆனால், வசதி குறைந்த பின்னும் கௌரவத்தை விடாத அந்த வீட்டை நான் யாழ்ப்பாணத்தில் பல தெருக்களில் கண்டிருக்கிறேன். ஒரு மொழிபெயர்ப்பிடம் நான் கேட்பது இதைத்தான். அயல் வீட்டுக் கதையை என் வீட்டு முற்றத்தில் இருந்து பார்க்கச் செய்கிறதா? இந்த நாவல் செய்தது.

முகாம்களும் நாவல்களும்

இனி நான் சொல்லப்போவது கொஞ்சம் கூச்சமான விடயம். 1960 களிலும் அதற்குப் பின்னரும் ஈழத்து எழுத்துலகம் முகாம்களாகப் பிரிந்திருந்தது என்பது நேயர்கள் அறிந்ததே. முற்போக்கு அணியிலிருந்து பிரிந்த எஸ். பொன்னுத்துரை 'நற்போக்கு' என்ற கொடியைத் தூக்கினார். எழுத்தாளர்கள் பிரிந்தது அவர்கள் பாடு. ஆனால் வாசகர்களாகிய நாமும் பிரிந்தோம். நான் பழகிய வட்டத்தில் எஸ்.பொ.வைப் படிப்பது ஒரு குற்றம் போலிருந்தது. இன்னொரு வட்டத்தில் கே. டானியலைப் படிப்பவர்களைக் கேலி செய்தார்கள். படிக்காமலே அபிப்பிராயம் சொல்லும் பழக்கம் அங்கேதான் நமக்குத் தொற்றியது.

எஸ்.பொ.வின் 'சடங்கு' 1966 இல் நூலாக வந்தது. "ஆபாசம்" என்று கேள்விப்பட்டுப் பல வருடங்கள் அதைத் தொடாமல் இருந்தேன். பின்னர் படித்தபொழுது எனக்கு வெட்கமாக இருந்தது, நாவலையிட்டு அல்ல. கொழும்பிலே வேலை பார்க்கும் செந்தில்நாதன் என்ற கிளாக்கர், மனைவி அன்னலட்சுமியைக் காணும் ஆசையுடன் ரயிலேறி யாழ்ப்பாணம் வருகிறார். சில நாட்கள் நிற்கிறார். வீடு, மாமியார், பிள்ளைகள், உறவினர், கடன், சம்பிரதாயம் என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வர, ஆசை நிறைவேறாமலே திரும்புகிறார். இதிலே ஆபாசம் எங்கே இருக்கிறது? மாதச் சம்பளத்துக்காகக் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுக் கொழும்பில் அறையெடுத்து இருந்த ஒரு தலைமுறையின் கணக்கு வழக்கு அது. அந்த வாழ்க்கையை நானும் ஓரளவு அறிவேன். ஆசிரியருக்குத் தமது மொழி வன்மையில் ஒரு மயக்கம் உண்டு. சில இடங்களில் கதையை நிறுத்திவிட்டுச் சொற்களை விளையாட விடுகிறார். அதைத் தவிர நான் பெரிதாகக் குறை காணவில்லை.

டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் வெளிவந்தது. தேநீர்க் கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழையும் உரிமைக்காக யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் 1960 களில் நடத்திய போராட்டங்களின் பின்னணியில் எழுதப்பட்டது. அப்போராட்டங்களில் தாமும் பங்குகொண்டவர் டானியல். இதை முதன்முறை படித்தபொழுது எனது குறிப்புப் புத்தகத்தில், "பாத்திரங்கள் அதிகம். கதாநாயகன் இல்லை. கட்டுக்கோப்பு இல்லை" என்று எழுதினேன். ஆங்கில நாவல்களைப் படித்துப் பழகியவனுக்கு நாவல் என்றால் ஒரு தனிமனிதனின் கதை. கைலாசபதி 1968 இல் எழுதிய 'தமிழ் நாவல் இலக்கியம்' என்ற நூலும் நாவலுக்கும் தனிமனிதனுக்கும் உள்ள தொடர்பை எனக்குச் சொல்லித் தந்திருந்தது.

இரண்டாம் முறை படித்தபொழுதுதான் என் தவறு விளங்கியது. தனிமனிதன் என்று ஒருவன் தலைநிமிர்ந்து நடப்பதற்கு இடம் கொடுக்காத ஒரு சமூகத்தைப் பற்றிய நாவலில் கதாநாயகனை எங்கே தேடுவது? ஊர்தான் அங்கே பாத்திரம். வேலி, கிணறு, சிரட்டை, கோயில் வீதி, இவைதான் சம்பவங்கள். அந்தச் சனங்களின் பேச்சு மொழியை அப்படியே கொண்டுவந்ததற்காகவே நாம் டானியலுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். முன்பு எழுதிய குறிப்பை நான் வெட்டவில்லை. அதன் கீழே, "நான் தவறான அளவுகோலைப் பயன்படுத்தினேன்" என்று எழுதித் திகதியிட்டேன். ஆனாலும் இன்றும் ஒன்று சொல்வேன். போராட்டத்தை விளக்குவதற்காகப் பாத்திரங்கள் நீளமாகப் பேசும் இடங்களைவிட, அவர்கள் பேசாமல் தொழிலைச் செய்துகொண்டிருக்கும் இடங்களே அநீதியை அதிகமாக உணர்த்துகின்றன.

மலையகம்: ஒரு கதையும் ஓர் ஆய்வும்

சிறுகதையிடம் நான் கேட்பது குறைவு. ஒரே ஒரு விடயத்தை, மறக்க முடியாதபடி சொல்ல வேண்டும். தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' அப்படிப்பட்டது. தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரே ஓர் அறை. தாயும் தகப்பனும் வளர்ந்த பிள்ளைகளும் அதற்குள்தான் படுத்து எழும்ப வேண்டும். அதனால் நேரக்கூடிய அவமானம் என்ன என்பதுதான் கதை. வீட்டு வசதி பற்றிய அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன். அவற்றில் அறையின் நீள அகலம் இருக்கும். அந்த அறையில் விடியும் வரை கண்ணை மூடாமல் கிடக்கும் மனிதன் இருக்கமாட்டான். அவனைக் காட்டியதுதான் 1934 இல் பிறந்து 2022 இல் மறைந்த ஜோசப்பின் சாதனை.

ஆய்வு நூலிடம் நான் வேறொன்றை எதிர்பார்க்கிறேன். முடிவைச் சொன்னால் போதாது; அந்த முடிவுக்கு வந்த வழியையும் நான் நடந்து பார்க்கும்படி காட்ட வேண்டும். மு. நித்தியானந்தன் 2014 இல் வெளியிட்ட 'கூலித்தமிழ்' இவ்வகையில் எனக்குப் பிடித்த நூல். 1869 இல் ஆபிரகாம் ஜோசப் என்பவர் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' பற்றி அதில் வருகிறது. கும்மி என்றதும் தொழிலாளர் பாட்டு என்று நாம் நினைத்துவிடுவோம். அல்ல என்கிறார் ஆசிரியர். கோப்பிப் பயிரைப் புகழ்ந்து, தோட்டத்தை நடத்துபவரின் பக்கத்தில் நின்று எழுதப்பட்ட பாட்டு அது என்பதை ஆதாரத்துடன் காட்டுகிறார். தோட்டத் துரைமார் தொழிலாளரை வேலை வாங்குவதற்காகத் தமிழ் படித்த கைநூல்களையும் ஆராய்கிறார். அந்தத் தமிழ் கட்டளையிடுவதற்காக மாத்திரம் கற்கப்பட்ட தமிழ். ஒரு மொழியில் நன்றி சொல்லவும் நலம் விசாரிக்கவும் இடமில்லாமல் செய்தால் அது என்ன மொழி என்று நான் யோசித்தேன். ஆய்வு நூலைப் படித்துவிட்டு இரவில் நித்திரை வராமல் இருந்தது எனக்கு அபூர்வமான அனுபவம்.

கவிதையில் இரு குரல்கள்

கவிதைக்கு வருவோம். மஹாகவி என்ற புனைபெயரில் எழுதிய து. உருத்திரமூர்த்தி 1971 இல், தமது நாற்பத்து நான்காவது வயதிலேயே காலமானார். 1966 இல் வெளிவந்த அவருடைய 'குறும்பா' ஆங்கிலத்து 'லிமரிக்' என்ற ஐந்தடி வேடிக்கைப் பாடலைத் தமிழ் யாப்புக்குக் கொண்டுவந்த முயற்சி. இதைச் சிலர் விளையாட்டு என்று ஒதுக்கினார்கள். சிரிக்க வைப்பதாகச் சொன்ன நூல் சிரிக்க வைத்தால் அது தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டது. அதற்கு மேலும் அது ஒன்றைச் செய்தது. உத்தியோகம், சீதனம், போலிக் கௌரவம் எல்லாவற்றையும் ஐந்து வரிகளில் தட்டிவிட்டுப் போனது. நீளமாக எழுதினால்தான் கனதி என்று நினைப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

1985 இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' இதற்கு நேர் எதிரான உலகம். சேரன், யேசுராசா, பத்மநாப ஐயர், மயிலங்கூடலூர் பி. நடராசன் ஆகியோர் தொகுத்த அந்நூலில் 31 கவிஞர்களின் 82 கவிதைகள் உள்ளன. 1983 யூலைக்குப் பின் அதைக் கையில் எடுத்தவர்கள் எவரும் தராசு பிடித்து நிறுத்திருக்கமாட்டார்கள். நானும் நிறுக்கவில்லை. நமக்கு நடந்ததைச் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்பதே போதுமாயிருந்தது. இன்று, இவ்வளவும் நடந்து முடிந்த பின்னர் எடுத்துப் படித்தால், சில கவிதைகள் அந்த நாட்களுடனேயே நின்றுவிட்டன என்று படுகிறது. அவற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். சாட்சி சொல்ல வந்தவை சாட்சி சொல்லிவிட்டன. வேறு சில கவிதைகளோ, அந்தச் சம்பவம் எது என்று தெரியாத என் பேரப்பிள்ளையையும் நிறுத்திக் கேட்க வைக்கின்றன. தொகுப்பாகப் பார்க்கும்போது இரண்டும் வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1986 இல், சித்திரலேகா மௌனகுரு தொகுத்த 'சொல்லாத சேதிகள்' வந்தது. பத்துப் பெண்களின் கவிதைகள் கொண்ட சிறிய நூல். அந்நாளில் ஆண்களாகிய நாம் அதை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, "நல்ல முயற்சி" என்றோம். "நல்ல முயற்சி" என்பது படிக்காதவர்கள் சொல்லும் வசனம் என்பதை இப்பொழுது ஒப்புக்கொள்கிறேன். ஊரே ஒரு பெரிய அநீதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வேளையில், வீட்டுக்குள் இருக்கும் அநீதியையும் சொல்லுவோம் என்று அவர்கள் சொன்னார்கள். அதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

பாடநூலும் ஒரு நூலே

பாடநூலைப் பற்றி இலக்கிய நிகழ்ச்சியில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் கிறீன், தமது மாணவர்களின் உதவியுடன் தமிழில் மருத்துவ, விஞ்ஞான நூல்களை வெளியிட்டார். 1875 இல் வந்த 'கெமிஸ்தம்' அவற்றில் ஒன்று. அந்தத் தலைப்பையே பாருங்கள். அந்நியச் சொல்லை எடுத்து, தமிழ் வாயில் பொருந்தும்படி ஒரு விகுதியும் வைத்திருக்கிறார்கள். இன்று நாம் இலங்கையில் இரசாயனவியல் என்கிறோம். தமிழ்நாட்டில் வேதியியல் என்கிறார்கள். 'கெமிஸ்தம்' நிலைக்கவில்லை.

நிலைக்காததனால் அது தோற்றுவிட்டதா? பாடநூலிடம் கேட்க வேண்டிய கேள்வி, "கற்க வந்தவனுக்கு விளங்கியதா?" என்பதுதான். கிறீன் தமிழில் கற்பித்தார். தமிழில் கற்றவர்கள் வைத்தியர்களாக வெளியேறினார்கள். ஆகவே நூல் தன் கடமையைச் செய்தது. இன்று தமிழில் எழுதப்படும் சில அறிவியல் கட்டுரைகளைப் படிக்கும்போது, எழுதியவர் தூய சொல்லைத் தேடிய நேரத்தில் பாதியை வாசகனை நினைத்துச் செலவழித்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இது மொழியறிஞர்கள் சிலருக்குப் பிடிக்காத அபிப்பிராயம் என்பதை அறிவேன்.

ரகம் பிரிக்க முடியாத நூல்களும் இருக்கின்றன. கொக்குவிலில் பிறந்த அ. முத்துலிங்கம் 2008 இல் வெளியிட்ட 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' சுயசரிதையா, நாவலா? தலைப்பிலேயே ஆசிரியர் உஷாராகிவிட்டார். உண்மை 'கலந்த' என்கிறார். எவ்வளவு கலந்தது என்று சொல்லவில்லை. இப்படிப்பட்ட நூலில், "இது நடந்ததா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் படிக்கும் இன்பம் போய்விடும். நான் அதை ஒரு நல்ல பேச்சாளருடன் பின்னேரம் திண்ணையில் இருந்தது போலப் படித்தேன். ஒரே மூச்சில் படித்தபொழுது அத்தியாயங்களின் முடிவுகள் ஒரேவிதமாக அமைந்திருப்பது போல் பட்டது. நாளுக்கு ஒன்றாகப் படிப்பதே நல்லது.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இவையெல்லாம் ஒரு வாசகனின் அபிப்பிராயங்கள். இவற்றுள் சில பிழையாக இருக்கலாம். 'பஞ்சமர்' விடயத்தில் நான் பிழைவிட்டதை உங்களிடமே சொன்னேன். பிழையான அபிப்பிராயத்தைத் திருத்தலாம். சொல்லாத அபிப்பிராயத்தைத் திருத்துவதற்கு வழியில்லை.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்று சொல்லப்படுகிறது. அதன் பின் ஒவ்வொரு இடப்பெயர்வின்போதும் வீடுகளிலிருந்த நூல்களும் போயின. 2005 இல் தொடங்கிய நூலகம் செயற்றிட்டம் பழைய ஈழத்து நூல்கள் பலவற்றைக் கணினியில் படிக்கக்கூடியதாக ஆக்கியிருப்பது நமக்குப் பெரும் ஆறுதல். ஆனால், ஒரு நூல் கிடைப்பது வேறு, அது படிக்கப்படுவது வேறு. எரிந்த அந்த நூல்களைப் படித்தவர்கள் அவற்றைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று எங்காவது எழுதிவைத்திருந்தால், இன்று நமக்கு எவ்வளவு உதவியாக இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஆகவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்களிடமுள்ள ஒரு புத்தகத்தை எடுங்கள். அது நாவலாக இருக்கலாம், சோதிட நூலாகவும் இருக்கலாம். அது எதைத் தருவதாகச் சொன்னது, தந்ததா என்று அரைப் பக்கம் எழுதுங்கள். எழுதியவர் உயிரோடிருந்தால் அதை அவருக்கு அனுப்பிவையுங்கள். பாராட்டாக இருந்தாலும் சரி, குறையாக இருந்தாலும் சரி, படித்துவிட்டு எழுதியது என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

பஸ் தரிப்பில் சந்தித்த அந்த நண்பரின் நூல் இன்னமும் என்னிடம் இருக்கிறது. சென்ற மாதம் அதைத் திரும்பப் படித்து, பிடித்த எட்டுக் கவிதைகளின் பக்க இலக்கங்களையும், ஏன் பிடித்தன என்பதையும், மற்றவை ஏன் பிடிக்கவில்லை என்பதையும் நான்கு பக்கங்களில் எழுதி அவருக்குத் தபாலில் அனுப்பினேன். பல வருடங்கள் பிந்திவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.